எழுத்துகள் உதிர்ந்த மாதம்

அண்ணன் அமெரிக்கா போனபோது தன் கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுப் போனான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மந்தைவெளியில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. கறுப்புத் திரையில் சாம்பல் நிற எழுத்து மட்டும் வரும், மவுஸ்கூட இல்லை. தூசி படக்கூடாது, கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் போடக்கூடாது, வாரம் ஒருமுறை கீபோர்டைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். வைரஸ் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தி.நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை. சனிக்கிழமை அரை நாள். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் எனக்கு வேறு உலகம். ஜன்னலின் பச்சைத் துணி வழியாக வரும் வெயில் குளத்துத் தண்ணீர் மாதிரி சுவரில் அசையும். பெயிண்ட் பிரஷ்ஷால் கீபோர்டின் இடுக்குகளைத் துடைப்பேன். பிறகு டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் புரோகிராமை ஓட விடுவேன். திரை முழுக்கச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்துபோய் எங்கோ காலியாக இருக்கும் இடத்தில் உட்காரும். உள்ளே டிஸ்க் மெல்ல முனகும். அதைப் பார்த்தபடியே பாதித் தூக்கத்தில் கிடப்பேன். எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்ற நிம்மதி.

அப்படியொரு மதியத்தில்தான் முதல் எழுத்து விழுந்தது. அண்ணனுக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியிலிருந்து ஓர் எழுத்து கழன்று, 'டிக்' என்ற சத்தத்தோடு நேராக இறங்கித் திரையின் அடியில் போய் நின்றது. அப்புறம் இன்னொன்று. பிறகு மூன்று, நான்கு. மழை பிடிப்பது போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் கடிதம் முழுதும் அடியில் குவிந்து கிடக்க, மேலே வெறும் இருட்டு. அணைத்துப் போட்டேன். சேமித்து வைத்த கடிதம் அப்படியே இருந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் நான் பயப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை அதற்காகக் காத்திருந்தேன். சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால் கையைக் கட்டிக்கொண்டு கடைசி எழுத்து விழும்வரை பார்ப்பேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது வந்து அதைச் சரிசெய்துவிடுவார்கள்.

ஒரு மாதம் கழித்து, அலுவலகத்தில் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். எங்கள் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா, கத மாதிரி சொல்லிக்கினு கீற? அது வைரஸ்மா."

ஃப்ளாப்பியிலிருந்து ஃப்ளாப்பிக்கு அது எப்படித் தொற்றும் என்று விளக்கினார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"உன் மெஷின்லேர்ந்து யாருக்குனா ஃப்ளாப்பி போட்டுக் குட்த்தியா?"

ஒரே ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். என் சிநேகிதியின் அம்மாவுக்கு. சிநேகிதி கல்யாணமாகிப் பம்பாய் போய்விட்டாள். மாமியும் மாமாவும் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்தார்கள். மாமி பதிப்பாளர்களுக்காக ஆங்கிலப் புத்தகங்களுக்கு இன்டெக்ஸ் தயாரிப்பவர். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புத்தகத்தின் கடைசியில் அகரவரிசையில் இருக்குமே, அதுதான். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்ய, டைப் அடிக்கும் புரோகிராம் ஒன்றை நான்தான் காப்பி செய்து கொடுத்திருந்தேன்.

அலுவலகத்து மனிதர் வைரஸை நீக்கும் ஃப்ளாப்பி ஒன்று தந்தார். எதுவும் அதில் ஏறிவிடாதபடி ஓரத்து வெட்டில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. முதலில் என் மெஷினைச் சுத்தம் செய்தேன். சனிக்கிழமை மதியம் மாமி வீட்டுக்கு நடந்தே போனேன், என்ன சொல்வது என்று யோசித்தபடி.

மாமி காபி கொடுத்தார். உள்ளறையில் கம்ப்யூட்டர் மேல் படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். எடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அலுத்துவிட்டதாம். அப்படி அலுத்துக்கொள்கிற மனுஷி இல்லை அவர்.

"மாமி, ஸ்கிரீன்ல எழுத்தெல்லாம் கீழே விழறதா?"

அவர் முகம் வெளுத்தது. "உனக்கு யார் சொன்னா? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"எங்காத்துலயும் விழுந்தது மாமி. அது வைரஸ். என் ஃப்ளாப்பிலேர்ந்துதான் இங்க வந்திருக்கு."

மாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு ஐம்பது வயதில் பார்வை போய்விட்டது. மாமிக்கு அந்த வருஷம் நாற்பத்தொன்பது. எழுத்து விழுந்ததும் தன் முறை வந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். மாமாவிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் போகவில்லை. மாமா ஆபீஸ் போனதும் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகியிருக்கிறார். அடுக்களையிலிருந்து பூஜை அறைக்குப் பதினோரு அடி. வாசல் கேட்டுக்கு இருபத்தாறு. உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் தொட்டே அடையாளம் தெரியும்படி மாற்றி வைத்திருந்தார்.

"புஸ்தகத்துல விழலையே மாமி, அதை யோசிக்கலையா?"

"புஸ்தகத்தைத் தொறக்கவே இல்லடி. அங்கேயும் விழுந்துடுத்துன்னா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார்.

"அழகா இருந்தது மாமி."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "மொதல் தரம் எனக்கும் அப்படித்தான் தோணித்து" என்றார். "அப்புறந்தான் அப்பா ஞாபகம் வந்தது."

விரிப்பை எடுத்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். நீக்கும் ஃப்ளாப்பியைப் போடும் முன் மாமி என் கையைப் பிடித்தார். ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். அவருடைய பழைய இன்டெக்ஸ் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தோம். அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கபாலி கோயில் பக்கமிருந்து யாருடைய கல்யாணத்து நாதஸ்வரமோ காற்றில் வந்து வந்து போனது. பிறகு ஒரு சொல்லின் நடு எழுத்து கழன்று விழுந்தது. மாமி கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு திரையின் அருகில் குனிந்தார். ஊர்ப்பெயர்களும் ஆற்றுப்பெயர்களும் பக்க எண்களும் பொலபொலவென்று இறங்கின. கடைசி எண் விழுந்த பின், "சரி, எடுத்துடு" என்றார்.

கறுப்புத்தாள் ஒட்டிய ஃப்ளாப்பியிலிருந்து மெஷினை மறுபடி கிளப்பினேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடின. தொற்று உள்ள இடத்தில் புரோகிராம் நின்று, அதை நீக்கி, மேலே போனது. மாமியின் ஃப்ளாப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது.

திருப்பி அனுப்பிய புத்தகம் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. இரண்டு மாதம் கழித்து வேறொன்று வந்தது. அதற்கு முன் நான் நச்சரித்து மாமியைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எழுத்து விழுந்ததற்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் அப்பாவுக்குப் பார்வை போனது நிஜம்தானே. டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல், இப்போதுதான் ஆரம்பம், தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து விட்டால் பயமில்லை என்றார். அந்த மருந்தை விட்டுக்கொண்டு மாமி இன்னும் பதினைந்து வருஷம் இன்டெக்ஸ் போட்டார். அதனால் நான் செய்தது நல்லதாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் வீட்டுக்குள் தனியாக நடந்த நாள்கள் நடந்தவைதான்.

பரிசோதனைக்காகக் கண்ணை விரிய வைக்கும் மருந்து விட்டிருந்ததால் திரும்பும்போது அவருக்கு எல்லாம் மங்கல். ஆழ்வார்பேட்டை வழியாக ஆட்டோ ஊர்ந்து வந்தது. மாலை வெயிலில் தெருவே கரைந்து ஓடுகிறது என்றார். பயந்த குரல் இல்லை. போர்டுகளை வாசிக்கச் சொன்னார். மருந்துக்கடை, தையற்கடை, ஸ்வீட் ஸ்டால், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்று நான் ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே வந்தேன்.

சிக்னலில் ஆட்டோ நின்றதும் மாமி என் மடியில் தட்டினார்.

"போறுண்டி. மிச்சத்தை நாளைக்கு நானே வந்து படிச்சுக்கறேன்."