இராகு காலத்தைத் தாண்டிய கார்

என்னுடைய வீட்டுக்காரர் ஊரில் இருந்தவரை இராகு காலம், சூலம் எதையும் நம்பாதவர். எங்கள் கல்யாணத்துக்கே நாள் பார்க்கத் தேவையில்லை என்று வாதாடி, என் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்படிப்பட்ட மனிதரைக் கனடா மாற்றிவிட்டது. கனடாவைக் குறை சொல்லவும் கூடாது. நான் கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டதுதான் அவரை மாற்றியது.

முதல் தரம் இடது பக்கம் திரும்பவேண்டிய சந்தியின் நடுவில் நின்றுவிட்டேன். எதிரே வந்தவர்கள் எனக்கு வழி விட்டார்கள், நான் அவர்களுக்கு வழி விட்டேன், மரியாதையில் ஒருவரும் குறையவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் ஹோர்ன் அடித்தார்கள். இரண்டாம் தரம் கடும் குளிர். எங்கள் கார் மிகப் பழையது. அதன் ஹீற்றர் சூடாவதற்குள் ஒரு சமையலே முடித்துவிடலாம். பாதி வழியில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பரிசோதகர் தன் கைலேஞ்சியால் துடைத்துத் துடைத்துக் களைத்து, "உனக்கு வீதி தெரிகிறதா?" என்று கேட்டார். "கொஞ்சம் தெரிகிறது" என்றேன். உண்மை பேசியதற்கு அன்றைக்கு எனக்குக் கிடைத்த பலன் தோல்விதான்.

மூன்றாம் தரம் தோற்க முடியாது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் பொய்ப்பல் செய்து கொடுக்கும் ஒரு சின்ன இடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஊரில் நான் படித்துச் செய்த அதே வேலை. ரொறன்ரோவுக்கு வந்த நாள் முதல் ஹொட்டேல்களின் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தவள் நான். மெழுகையும் அச்சையும் திரும்பக் கையில் எடுக்கலாம் என்ற நினைப்பிலேயே நித்திரை வராமல் கிடந்தேன். ஆனால் நாங்கள் இருந்த மோர்னிங்சைட்டிலிருந்து விடிய அந்த இடத்துக்குப் போய்ச் சேர பஸ் இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள் லைசன்ஸோடு வா. இல்லையென்றால் அடுத்த ஆளைத்தான் கூப்பிடவேண்டும்" என்று முதலாளி தன்மையாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பரீட்சை அந்த வாரத்துத் திங்கட்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர் தமிழ்க் கடை கலண்டரைக் கையில் எடுத்தார்.

"திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது மட்டும் ராகு காலம். நாங்கள் எட்டரைக்கு வெளிக்கிட்டால் நேரே அதுக்குள்ளைதான் போய் விழுவம்."

"அப்ப ஏழு மணிக்கே போய் பூட்டின கதவுக்கு முன்னாலை நிக்கிறதோ?"

"இஞ்சாரும், நான் சொல்லுறதைக் கேளும். ஏழரைக்கு முதலே காரை ஸ்ரார்ட் பண்ணி றோட்டிலை விட்டால் வெளிக்கிட்டாச்சு. பிறகு எப்ப போனால் என்ன? காரும் நல்லாச் சூடாகும். ஒரே கல்லிலை ரெண்டு மாங்காய்!"

ஊரில் இதற்கு வழி உண்டு. கெட்ட நேரத்தில் பயணம் போகவேண்டி வந்தால், நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை வெளிக்கிட்டால் ஆளும் வெளிக்கிட்டதாகக் கணக்கு. இவர் அந்தச் சட்டத்தைக் கனடாவுக்குத் தகுந்தபடி திருத்தி எழுதினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்; நின்றால் பயணம் முறிந்தது. வெளிக்கிட்டவள் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. "எங்கே போகிறாய்?" என்று ஒருவரும் கேட்டுவிடக்கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு தரம் தோற்றவள் வேண்டாம் என்று சொல்லுகிற நிலையிலும் இல்லை.

திங்கட்கிழமை விடிய நல்ல பனி. ஏழே காலுக்கு அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே குளிர் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, காலுறையோடு செருப்பையும் மாட்டி, காரை ஸ்ரார்ட் செய்தார். அது இருமி, முக்கி, ஒருவழியாக உயிர் பிடித்தது. என்னைப் பக்கத்தில் இருத்தி, காரைப் பின்பக்கமாக எடுத்து, வீதியைக் கடந்து எதிர்வீட்டு ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். ஸ்ரியறிங்குக்குத் திருநீறு பூசினார்.

"வெளிக்கிட்டாச்சு. அசையாமல் இரும். நான் முழுகி உடுத்திக்கொண்டு வாறன்" என்று வீட்டுக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு திரும்ப ஓடி வந்தார். அந்த அன்பைச் சொல்லத்தான் வேண்டும். குளிரில் மனுசி விறைத்துப்போவாள் என்று குளிக்கமுன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் ஒரு கையில் கோப்பை, மறு கையில் சாரம். கதவைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அது பின்னால் 'டக்' என்று சாத்திக்கொண்டது. எங்கள் வீட்டுக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை.

"திறப்பு எங்கை?" என்று கேட்டேன்.

அவர் ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் பார்த்தார். நானும் பார்த்தேன். கார்த் திறப்பும் வீட்டுத் திறப்பும் ஒரே வளையத்தில், எஞ்சின் குலுக்கத்துக்குச் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"எஞ்சினை நிப்பாட்டி எடுங்கோவன்!"

"நிப்பாட்டவோ? இப்ப ராகு காலம் துவங்கீட்டுது!"

"அப்ப சாரத்தோடை வரப்போறியளோ ரெஸ்ற்றுக்கு?"

வளையத்தைப் பிரித்து வீட்டுத் திறப்பை மட்டும் எடுக்கப் பார்த்தார். விறைத்த விரலுக்கு அது பிடி கொடுக்கவில்லை. இழுத்த இழுப்பில் எஞ்சின் ஒருமுறை திக்க, தீயைத் தொட்டவர்போலக் கையை எடுத்துவிட்டார். அவர் வெளியே நின்று யன்னலால் கத்தினார். நான் உள்ளே இருந்து கத்தினேன். மூன்றாம் தரமும் காசு கட்டி எடுத்த பரீட்சை, முகம் தெரியாத ஒரு ராகுவால் போகப்போகிறதே என்று எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. போதாக்குறைக்குக் குடித்த தேத்தண்ணி வேறு தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அசையக்கூடாது என்பது சட்டம்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கே தனியாக இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணியோடு அதுவரை தலையாட்டல் உறவுதான் எங்களுக்கு. அவர் பனி அள்ளும் சவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். விடியற்காலையில், கொட்டும் பனியில், பாவாடை கட்டிய ஒரு ஆண் கார் யன்னலைத் தட்டிக் கத்துகிறான். உள்ளே மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். யார் பார்த்தாலும் கதை ஒன்றுதான். நேரே என்னிடம் வந்து, "பிள்ளை, எங்கே போகிறாய்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு பனியிலேயே குந்திவிட்டார்.

"அவர் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு முதலில் உங்கள் கழிப்பறை வேண்டும்" என்றேன். அது எங்கள் வீடு இல்லைத்தானே; சட்டத்தில் இடம் இருந்தது.

திரும்பி வந்தபோது இருவரும் காரடியில் நின்றார்கள். சவள் இன்னும் இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை, அஜக்ஸ் வேலை, ஒன்பது மணிவரை கெட்ட நேரம், நிறுத்தக்கூடாத எஞ்சின், அதில் தொங்கும் வீட்டுத் திறப்பு. சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தான் நியூபவுண்ட்லாந்தில் மீனவர் வீட்டில் பிறந்தவள் என்றும், வெள்ளிக்கிழமையில் தன் தகப்பன் ஒரு புதுக் காரியமும் தொடங்கமாட்டார் என்றும் சொன்னார்.

"எஞ்சினை நிறுத்தவே கூடாது" என்று தீர்ப்பு வழங்கினார். "லைசன்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதானே? நான் வருகிறேன். உன் ஆள் என் வீட்டில் சூடாக இருக்கட்டும்."

வீட்டுக்காரர் வாயைத் திறக்கமுன் பெண்மணி தன் வீட்டுத் திறப்பை அவர் கையில் வைத்துவிட்டுக் கோட்டு எடுக்கப் போனார்.

நான் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினேன். இவர் யன்னலால் தலையை நீட்டி, "கண்ணாடியைப் பாரும், மெல்லப் பிரேக்கை அழுத்தும், சந்தியிலை..." என்று தொடங்கினார். இவர் பக்கத்தில் இருந்தால் எப்போதும் இப்படித்தான். வாய் ஓயாது, வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். கார் ஓட்டப் பழகிய மூன்று குளிர்காலத்திலும் இவருடைய குரல் இல்லாமல் நான் ஒரு சந்திகூடத் தாண்டியதில்லை. பெண்மணி உள்ளே ஏறி, இவர் பேசிக்கொண்டிருக்கும்போதே யன்னலை மெல்ல ஏற்றிவிட்டார்.

போகும் வழியெல்லாம் அவர் ஒரு சொல் பேசவில்லை. என்னுடைய தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த அமைதியில் எனக்கு வீதி தெரிந்தது. எந்தச் சந்தியில் திரும்பவேண்டும் என்பது எனக்கே தெரிந்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. போய்ச் சேர்ந்து நான் பதிவு செய்ய உள்ளே போனபோது, அவர் காரிலேயே இருந்து எஞ்சினுக்குக் காவல் காத்தார்.

இம்முறையும் அதே பரிசோதகர். ஏறியவர் முதலில் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு கையுறைகளைக் கழற்றி, உள்ளங்கைகளை ஹீற்றருக்கு முன்னால் விரித்து, "காலையிலிருந்து நான் ஏறிய கார்களுக்குள் இதுதான் கார்" என்றார். முன்கண்ணாடி கழுவிய கோப்பை மாதிரி இருந்தது. கைலேஞ்சிக்கு வேலை வரவில்லை.

பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன்.

திரும்பி எங்கள் வீதிக்குள் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது வெறும் தரை. எதிர்வீட்டு வாசலிலும் எங்கள் வாசலிலும் பனி ஒரு துளி இல்லை. நடுவில் சாரத்தை மடித்துக் கட்டியபடி, பெண்மணியின் இறந்துபோன கணவருடைய பூட்ஸும் ரோமத் தொப்பியும் போட்டுக்கொண்டு, சவளோடு என் வீட்டுக்காரர் நின்றார். உள்ளே இருக்கப் பதற்றம் விடவில்லை என்று பிறகு சொன்னார். பெண்மணி இறங்கி, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகமே சொல்லியிருக்கும். அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன். குளிர்காற்று என்று அவர் சொல்லட்டும். வழக்கம்போல ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கக் கையை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, காரைச் சுற்றி மறுபக்கம் போய், பூட்ஸைத் தட்டிவிட்டு, என் பக்கத்தில் ஏறி இருந்தார்.

நான் எஞ்சினை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதையும்."

"ஏன்? ராகு காலம் முடிஞ்சுதே."

"அஜக்ஸுக்கு எவ்வளவு நேரம் எடுக்குமெண்டு ஒருக்கா ஓடிப் பாப்பம்."

"சாரத்தோடையோ?"

"நீர்தானே ஓடுறீர். என்னை ஆர் பாக்கப் போயினம்?"

சிக்னலைப் போட்டு வீதியில் இறக்கினேன். முதல் சந்தி வந்தது. அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை ஒருமுறை ஓங்கி மிதித்தது. வாய் திறக்கவில்லை.