ஜீப்புக்குக் காற்று மிஷின் வைத்த வருஷம்

டயரிலிருந்து இறங்கும் காற்றுக்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பும் மழைக்காலம் முழுக்கத் திறக்காத பீரோவும் சேர்ந்தாற்போல ஒரு புழுங்கல் நெடி, மூக்கில் ஏறிவிட்டால் அன்றைக்குச் சாப்பிடும் சாதத்தில்கூட அதுதான் தெரியும். கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்பைத் தாண்டிய மணலில் எங்கள் ஜீப் அச்சு வரை புதைந்துகொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முதன்முதலாக முகர்ந்தேன். அப்பா ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குத்தவைத்து உட்கார்ந்து, தீக்குச்சியால் வால்வை அழுத்தி, "புஸ்ஸ்ஸ்" என்று பாதிக்கு மேல் காற்றை இறக்கிவிட்டார். காற்றுக் குறைந்த டயர் அகலமாகப் படியும், மணலில் இறங்காது, வண்டி தானாக ஏறி வந்துவிடும் என்று அவர் சொன்னார், அப்படியே வந்தும்விட்டது. ஆனால் சப்பை டயரோடு தார் ரோட்டில் வீடு வரை ஓட்டினால் டயர் கிழிந்துபோகுமே, அதற்கு என்ன வழி என்றால், அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு கால் பம்ப்.

அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் காலனியில் மற்ற வீட்டு அப்பாக்கள் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் எங்கேயோ ஏலத்தில் கழித்துக்கட்டிய ஒரு டீசல் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அம்மா அதற்கு "யானை" என்று பேர் வைத்தாள். கட்டித் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வேலை என்று ஒன்றும் வாங்க முடியாது என்பது அவள் கணக்கு. கோடையில் மாடம்பாக்கம் ஏரி வறண்டால் அதற்குள் இறக்குவார், மழையில் சேறு எங்கே இருக்கிறதோ தேடிப் போவார், மற்ற ஞாயிறுகளில் கடற்கரை மணல்.

ஜீப் புதைந்த அன்றைக்கு, நியாயஸ்தர் அல்லவா, வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "ஆளுக்கு நூறு மிதி, முறை வெச்சு." எனக்குப் பத்து வயசு, பம்பின் மேல் ஏறி நின்று குதித்தாலும் அது பாதிதான் இறங்கியது, அதனால் என் நூறும் அம்மா தலையில் விழுந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை ஓரத்தில், போகிற பஸ் ஜன்னலெல்லாம் திரும்பிப் பார்க்க, உச்சி வெயிலில் அவள் மிதித்தாள். நான் எண்ணினேன். மூன்றாவது டயரில் அவள் செருப்பு அறுந்தது. நாலாவது டயர் முடிந்ததும் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிக்கு நேராகப் பார்த்துக்கொண்டு, "இந்த யானைக்குக் காத்தடிக்க மிஷின் வர்ற வரைக்கும் நான் இதுல கால் வெக்க மாட்டேன்" என்றாள்.

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆபீசில் அவளுக்கு வேலை. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயிலில் எப்படியோ உட்கார இடம் பிடித்துவிடுவாள், சாயந்திரம் நுங்கம்பாக்கத்தில் ஏறினால் தாம்பரம் வரை கம்பியைப் பிடித்துத் தொங்கல்தான், அங்கிருந்து பஸ்ஸிலும் அதே கதை. வந்தால் சமையல்கட்டில் நிற்பாள். வாரத்தில் ஒரே ஒரு நாள், ஜீப்பின் முன்சீட்டில், மடியில் பையை வைத்துக்கொண்டு, யாரோ ஓட்ட இவள் உட்கார்ந்து போவாள். அப்போது மட்டும் அவள் முகம் வேறு மாதிரி இருக்கும், தலையில் சுற்றிய துணி அவிழ்ந்து பறந்தாலும் கவலைப்பட மாட்டாள். யானை என்று அவள் திட்டியதெல்லாம் உண்மை, அந்த சீட் அவளுக்குப் பிடித்திருந்ததும் உண்மை. கோபத்தில் சொன்னதை அப்பா ஒரு வாரம் ஊறப்போட்டுவிட்டு, "சரி வா, ஏறு" என்று கையைப் பிடித்திருந்தால் வந்திருப்பாள்.

அப்பா அதைப் பரீட்சைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். காற்றடிக்க மிஷின் வந்தால் அவள் ஏறுவாள், ஆகவே மிஷின் வர வேண்டும். அடுத்த ஞாயிறே, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய ஏ.சி. கம்ப்ரஸரை சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். இன்ஜின் ஓடும்போது பெல்ட் அதையும் சேர்த்துச் சுற்றும், குளிர்காற்றுக்குப் பதில் வெறுங்காற்றை அழுத்தி ஒரு தொட்டியில் சேர்க்கும், தொட்டியிலிருந்து டியூப் போட்டு டயருக்கு விட வேண்டியதுதான் என்று கரும்பலகை இல்லாத குறைக்குச் சாப்பாட்டுத் தட்டில் விரலால் படம் போட்டுக் காட்டினார். அம்மா "ரசம் ஆறுது" என்றாள்.

கேம்ப் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த டேவிட் அண்ணன் ஞாயிறு சர்ச் முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பேருமாக வண்டியை ஜாக்கியில் ஏற்றி, மூடியைத் திறந்து, அதற்குள் தலையை விட்டால் சாயந்திரம்தான் வெளியே எடுப்பார்கள். பெல்ட் நேராக வரவில்லை. கம்ப்ரஸரைத் தாங்கும் இரும்புப் பட்டையை மூன்று தரம் வெட்டி ஒட்டினார்கள். ஒருவழியாக ஓடவிட்ட அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் "கிரீச்" என்று அலறி, புகை கக்கி, அப்படியே இறுகிப்போனது. காரில் இருந்தவரை குளிர் வாயுவோடு கலந்து ஓடிய எண்ணெய்தான் அதற்கு உயிராம், வெறுங்காற்றில் அது வறண்டு செத்ததாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கம்ப்ரஸர் பலி. "பேஜாரா பூட்ச்சு சார், வுடு, வேற ஒண்ணு வாங்கினு வரலாம்" என்றார் டேவிட் அண்ணன். வேறு ஒன்று வந்தது, அதற்கு எண்ணெய் போக ஒரு தனிக் குழாயும் வந்தது.

கோடையில் ஆரம்பித்த வேலை ஆடி தாண்டியும் முடியவில்லை. ஞாயிறு என்றால் எங்கேயும் கிடையாது. வாசலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, நான் ஹோம்வொர்க் செய்யும் மேஜையில் நட்டும் வாஷரும், அம்மா நாலு தரம் காபி போட்டு ஜன்னல் வழியாக நீட்டுவாள். அவளை வெளியே கூட்டிப்போவதற்காகத்தான் இத்தனையும் என்பது அப்பாவுக்கு மறக்கவே இல்லை, அடிக்கடி சொல்லிக்கொண்டும் இருந்தார், ஆனால் ஆறு மாசமாக அவளை எங்கேயும் கூட்டிப்போகவில்லை என்பது மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது இதை.

கடைசியில் தொட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. பழைய லாரியின் பிரேக் காற்றுத் தொட்டி அது, நல்ல பருமன். அடியில் கட்டினால் கல் இடிக்கும். பின்னால் வைத்தால் ஸ்டெப்னியும் டீசல் கேனும் போகாது. இரண்டு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அப்புறம் டேவிட் அண்ணன் இடது பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இங்க சீட்டு போல்ட்டு ஓட்டை ரெடியா நாலு கீது சார், இன்னாத்துக்கு பாடில புச்சா ஓட்டை போட்டுகினு" என்றார். அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். டேப் வைத்து அளந்தார், அச்சாகப் பொருந்தியது. அப்போது டேவிட் அண்ணன்தான் கேட்டார், "அப்ப அக்கா எங்க சார் குந்துவாங்க?" அப்பா அளவைக் குறித்துக்கொண்டே, "பின்னாடி உக்காந்துப்பா" என்றார்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை வரும், வேலை இன்னும் ஒரு மாசம் இழுக்கும், இன்னும் நாலு ஞாயிறு போகும் என்று எனக்குப் பயம். வாயை மூடிக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு ஜீப்பைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டேவிட் அண்ணன் வேதக்காரர்தான், ஆனாலும் அவரே கம்ப்ரஸருக்கு ஒரு பொட்டு வைத்தார், அவர் பட்டறை மிஷின்களுக்கும் வருஷா வருஷம் வைப்பாராம். அப்பா இன்ஜினைப் போட்டதும் தொட்டியின் காற்றழுத்த மீட்டரில் முள் மெல்ல மெல்ல ஏற, காலனியே கை தட்டியது. அம்மா உள்ளேயிருந்து வந்தாள். பச்சைப் பட்டு கட்டியிருந்தாள், தலையில் பூ, கையில் புளியோதரைத் தூக்கு. ஆறு மாசத்துக்கு அப்புறம் கடற்கரை. நேராக இடது பக்கம் போய், பழக்கத்தில் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

சில்வர் பெயின்ட் அடித்த தொட்டி, நெற்றியில் பொட்டோடு அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"என் சீட் எங்க?"

"அங்கதான் டேங்க்! பாடில புதுசா ஒரு ஓட்டைகூடப் போடல தெரியுமா?" என்றார் அப்பா. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், அதிலாவது பிடித்தவனுக்கு அது குரங்கு என்று தெரியும்.

அம்மா காலைக் கீழே எடுத்தாள். தூக்கை என்னிடம் கொடுத்து, "நீங்க போய்ட்டு வாங்க, எனக்குத் தலை வலிக்குது" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. அப்பா "பின்னாடி நல்லா வசதியா இருக்கும்மா, மெத்தை போட்டிருக்கேன்" என்று இரண்டு தரம் கூப்பிட்டார், மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. நாங்கள் போனோம். மணலில் காற்றை இறக்கினோம், ஓட்டினோம், திரும்பி ரோட்டுக்கு வந்து டியூபை மாட்டினார். நாலு டயரும் எட்டு நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார், சொல்வதற்கு என்னைத் தவிர ஆளில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் "எட்டே நிமிஷம்" என்றார். அவள் "நல்லது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. அப்பாவும் ஏன் என்று கேட்கவில்லை. மெல்ல மெல்லக் கடற்கரைக்குப் போவதே நின்றுபோய், மிஷின் காலனிக்குச் சேவகம் செய்ய ஆரம்பித்தது. ஸ்கூட்டர், சைக்கிள், பள்ளிக்கூடத்துக் கால்பந்து, யாருக்குக் காற்று வேண்டுமானாலும் எங்கள் வாசல்தான். "பிசிக்ஸ் சார்" என்று இருந்தவர் "காத்து சார்" ஆகிவிட்டார், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. கழற்றிய சீட்டைப் போர்டிகோவில் போட்டிருந்தார், காற்றுக்கு வருகிறவர்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்து, அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அவள் டம்ளரை எடுக்க வருவாள், நின்றுகொண்டே எடுத்துப் போவாள். ஒரு நாளும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் காலேஜ் முடிக்கும் சமயத்தில், ஆர்.சி. புதுப்பிப்பது பெரும்பாடாகிப்போக, அப்பா ஜீப்பை விற்க ஒப்புக்கொண்டார். அஸ்தினாபுரத்திலிருந்து ஒருவர் மனைவியோடு பார்க்க வந்தார். எல்லாம் பிடித்துவிட்டது, ஒரே ஒரு குறைதான். "சார், இவங்க முன்னாடி உக்காரணும் சார், இந்த டேங்க்கை எடுக்க முடியுமா?" என்று தயங்கிக் கேட்டார். அதற்கென்ன என்று அப்பா ஸ்பேனரை எடுத்துவந்தார். குழாயைத் தளர்த்தி, குனிந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தொட்டி கையோடு வந்துவிட்டது. போர்டிகோவிலிருந்த சீட்டைத் துடைத்து அதே ஓட்டைகளில் முடுக்கினார். வந்தவர்களுக்கு வைத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது, அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அம்மா தட்டோடு வாசலிலேயே நின்றிருந்தாள். "நாலு போல்ட்டுதானா?" என்றாள்.

"ஆமா, நாலுதான்" என்றார் அப்பா, கையைத் துடைத்துக்கொண்டே.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. டேவிட் அண்ணன் பட்டறை இருந்த இடத்தில் மொபைல் கடை, சவுக்குத் தோப்பைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர், காலனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இன்றைக்குக் காற்றடிக்கும் மிஷின் டிபன் பாக்ஸ் அளவில் வருகிறது, என் கார் டிக்கியில் ஒன்று கிடக்கிறது, அதற்காக யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. அம்மா என்னோடு மாடம்பாக்கத்தில் இருக்கிறாள். வேலைக்கு, வீட்டுக்கு, அவளை டாக்டரிடம் காட்ட என்று ராஜகீழ்ப்பாக்கம் வழியாகப் போகும் இந்த ரோட்டிலேயே என் ஆயுசு கழிகிறது. காரில் அவள் எப்போதும் பின்னால்தான் ஏறுவாள், முன்னால் வா என்று கூப்பிட்டு அலுத்துவிட்டேன்.

போன மாசம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நெடுநேரம் நின்றபோது, என்னவோ தோன்றி, "ஒரு தடவையாவது அந்த ஜீப்ல ஏறியிருக்கலாம் இல்லம்மா, பாவம் அவரு" என்றேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன்.

"அவரே எடுத்துடுவாருன்னு ரெண்டு வருஷம் பார்த்தேன்டி. அப்புறம், டேவிட் வெல்டு வெச்சிருப்பான் போல, இனிமே எடுக்க முடியாதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நாலு போல்ட்டுதான்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேன். யாருமே சொல்லலையே."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.