களிமண்ணில் பூத்த மஞ்சள் பூ

பையைத் தோள் மாற்றிக்கொண்டு, நகர ஓரத்து மேட்டுக் குடியிருப்பான ஸ்டோவ்னரிலிருந்து கீழே நடந்துகொண்டிருந்தேன். ரயிலுக்குக் காசு இருந்தது. ஏறினால் சட்டென்று தூரமாகிவிடும் என்று நடந்தேன்.

அன்று காலைவரை தங்கியிருந்த வீட்டு அக்காவின் தம்பி வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். குளிர்காலத்திலிருந்தே அவனிடமிருந்து அழைப்பில்லை. அவன் குரல் கேட்கும்வரை தினமும் மண்ணில் பறித்த பூவே சாமிக்கு வைப்பதாக அக்கா நேர்ந்திருந்தார். கடைப் பூ ஆகாது. அக்காவுக்கு முழங்கால் வருத்தம். அவர் கணவர் விடியுமுன் பஸ் ஓட்டப் போய்விடுவார். வேலையில்லாமல் இருந்தவன் நான்தான்; பூப் பறிக்க நான் போனேன்.

பனி கரைகிற நாட்களில் பூக்கிறது ஒன்றே ஒன்று. இந்த நாட்டுக்காரர் அதை ஹெஸ்தஹூவ், அதாவது குதிரைக் குளம்பு என்பார்கள். இலை வருமுன்பே மஞ்சளாகப் பூத்துவிடும். கட்டட வேலைக்கு வெட்டிப்போட்ட ஈரக் களிமண் மேட்டில் நிறைய நின்றது. காலையில் பறித்தால் மூடியிருக்கும்.

"மொட்டைச் சாமிக்கு வைக்கக் கூடாது, தம்பி."

"மொட்டில்லை அக்கா. நேற்று விரிஞ்சதுதான். குளிருக்குப் பொத்திக்கொண்டு நிக்குது."

"அப்ப விரியட்டும்."

விளக்கை ஏற்றிவிட்டு, தட்டோடு ஜன்னலருகே வெயிலுக்குக் காத்திருப்பார்.

"இஞ்சை சாமியும் வெயில் பாத்துத்தான் சாப்பிடோணும்," என்பார் கணவர். அக்கா சிரிக்கமாட்டார்.

மே மாதம் அந்த மேட்டைச் சமப்படுத்திக் கறுப்பு மண் கொட்டினார்கள். நல்ல மண், இன்னும் பூக்கும் என்று நினைத்தேன். மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டியவர் இல்லையென்று தலையாட்டினார். இதற்குக் கிண்டிப்போட்ட வெறும் களிதான் வேண்டுமாம். நல்ல மண்ணில் புல் மூடிவிடுமாம். வேறு இடங்களில் தேடினேன். எல்லாம் வெள்ளைப் பஞ்சாகி முடிந்திருந்தன.

வெறுங்கையோடு வந்தேன். அக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

"போதும் தம்பி. நீ உன்ரை வேலையைப் பார்."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் இருந்திருப்பேன். ஓரிடத்தில் இருந்து பழகாத எனக்குக் கிளம்ப அந்தச் சொல் போதுமாயிருந்தது. மறுநாளே பையைக் கட்டினேன். வாசலில், "செய்தி வந்தால் போன் அடிப்பன், எடுக்கோணும்," என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

கடைசியில் ரயிலேறி, அன்று மாலை திராமன் என்ற அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த நாள் காலை மீன் பெட்டி கழுவும் வேலை கிடைத்தது. நாள் முழுதும் தண்ணீரில் நிற்க வேண்டும் என்பதால் கைத்தொலைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினேன். இனி மாலைவரை அக்கா என்ன செய்தியோடு அடித்தாலும் எனக்குக் கேட்காது. அது எனக்கு ஆறுதலாக இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது.