வள்ளத்தில் ஒரு நேர்முகம்

வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் என்னைப்போலப் பேச்சாளி கிடையாது. வாய் திறந்து அல்ல, மனதுக்குள்தான். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் கடைசி வள்ளத்தில், இயந்திரச் சத்தத்தில் காது அடைத்துப்போய், வெயில் சாய்ந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனையோ நேர்முகத் தேர்வுகளில் வென்றிருக்கிறேன். கேள்வி கேட்பவர்கள் கடலுக்கு மேலே கதிரை போட்டு வரிசையாக இருப்பார்கள். அவர்கள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போவேன். கதிரைகள் நனைவதில்லை.

நிஜத்தில் நடந்தது வேறு. எங்கள் தீவுக் கிணறுகளின் தண்ணீரைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அதை வைத்து இரண்டு வேலைகளுக்குப் போய் இரண்டிலும் தோற்றேன். மூன்றாவதாகக் கொழும்பில் ஒரு நீர் ஆய்வு நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. எனக்கென்றே அளந்து தைத்த வேலை. இதையும் விட்டால் வங்கிப் பரீட்சை எழுதுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வங்கியோடு எனக்குக் கோபம் இல்லை, ஆனால் என் கிணறுகளை யார் பார்ப்பது?

பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் அலகில், பட்டப்பின் படிப்பு மாணவர்களுக்குப் பயிற்சி நேர்முகம் வைப்பார்கள். அதை நடத்தியவர் யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெண். நாங்கள் மிஸ் என்போம். பின்னேரத்தில்தான் அவருக்கு நேரம் இருந்தது. அவர் எதைக் கேட்டாலும் நான் இரண்டு வசனத்தில் முடித்தேன். கடைசியில் அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"உமக்கு இந்த வேலை வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும் மிஸ்."

"அப்ப ஏன் நெருப்பிலை நிக்கிற மாதிரிக் கதைக்கிறீர்? நான் கேள்வியை முடிக்க முந்தி நீர் பையைத் தூக்கிறீர்."

குனிந்து பார்த்தேன். பை மடியில் இருந்தது. எனக்கே தெரியாமல் பட்டியைத் தோளிலும் மாட்டியிருந்தேன்.

"வள்ளம், மிஸ்," என்றேன்.

ஊர்காவற்றுறை பஸ்ஸை விட்டால் வள்ளம் இல்லை, வள்ளத்தை விட்டால் வீடு இல்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இதுதான் வாழ்க்கை. கருத்தரங்கு முடிந்து தேநீர் குடிக்க நான் நின்றதில்லை. சந்தேகம் கேட்கக் கை தூக்கியதில்லை, பதில் நீண்டால் பஸ் போய்விடும். ஆனால் நான் தோற்ற இரண்டு நேர்முகங்களும் கொழும்பில், காலையில் நடந்தவை. அங்கே ஏது வள்ளம்? பழக்கமும் என்னோடு ரயிலேறி வந்திருக்கிறது. அதை நினைக்க எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"நீர் எப்பதான் அவசரமில்லாமல் இருப்பீர்?"

"வள்ளத்திலை ஏறினாப் பிறகு, மிஸ்."

"அப்ப நானும் வாறன்."

மறுநாளே வந்தார். அந்தக் கடைசி வள்ளம் எங்கள் துறையிலேயே கட்டிக்கிடந்து விடிந்த பிறகுதான் திரும்பும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. ஒளிக்கவும் இல்லை. எங்களிடம் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, சூரியன் மேற்கே விழும் என்று யார் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்? அவர் கண்ட ஒரே தீவு நயினாதீவு, அதுவும் திருவிழா நாட்களில். அப்போது வள்ளங்கள் வந்தபடியும் போனபடியும் இருக்கும். எல்லாத் தீவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

வள்ளம் கரையை விட்டதும் கேள்விகள் தொடங்கின. சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் கேட்கவேண்டும். "உம்மைப் பற்றிச் சொல்லும்! குடும்பத்தை விட்டிட்டு வேறை ஊரிலை இருப்பீரோ? அஞ்சு வரியத்திலை என்ன செய்துகொண்டிருப்பீர்?"

எதிர்ப் பலகையில் இருந்த எங்கள் அயல்வீட்டு மாமி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு என் பக்கம் சரிந்தா.

"பிள்ளை, இவ உன்னைப் பொம்பிளை பாக்க வந்தவவோ?"

நான் வாய் திறக்குமுன் மிஸ்ஸிடமே சொல்லிவிட்டா. "நல்ல பிள்ளை. வாய் காட்டாது. இருக்கிறதே தெரியாது."

வள்ளம் முழுக்க ஓம் ஓம் என்று தலையாட்டியது. மிஸ் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஊரே சேர்ந்து என்னைக் கைவிட்டது போல இருந்தது.

துறையில் இறங்கியதும் அவர் கேட்டார், "திரும்ப எத்தினை மணிக்கு வள்ளம்?"

"காலமை, மிஸ்."

அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு கைப்பையோடு துறைக் கட்டிலேயே இருந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

அன்று பின்னேரம் இன்றைக்கும் எனக்கு நித்திரையில் கண்டது போலத்தான் இருக்கிறது. அம்மா குசினியில் புட்டு அவித்தா. நாங்கள் இருவரும் கிணற்றுக் கட்டில் இருந்தோம். பனைகளுக்குப் பின்னால் வானம் மெல்ல மெல்லச் சிவந்து, பிறகு ஊதாவாகி, பிறகு நிறமே இல்லாமல் போனது. பிடிக்க வேண்டிய வள்ளம் ஒன்றும் இல்லை. அவர் எதையும் கேட்கவும் இல்லை. நானாகத்தான் தொடங்கினேன். எங்களுக்குக் கீழே உப்புத் தண்ணீர் இருக்கிறது, அதற்கு மேலே மெல்லிய ஆடையாக நல்ல தண்ணீர் மிதக்கிறது, மெதுவாக அள்ளினால் தரும், மோட்டர் போட்டு உறிஞ்சினால் உப்பு ஏறிவிடும். எந்தக் கிணறு எந்த மாதம் கரிக்கும், மழைக்குப் பிறகு எது முதலில் தெளியும், எல்லாம் சொன்னேன். புட்டுக் கோப்பையைக் கையில் தந்தார்கள், அதோடும் சொன்னேன். அம்மா வேலையை விட்டுவிட்டுக் குசினி வாசலில் வந்து இருந்தது தெரிந்தது. வழக்கமாக நான் வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். முதல் வள்ளத்துக்கு எழும்பவேண்டும்.

"இதைத்தான் கொழும்பிலை சொல்லும்," என்றார் மிஸ். "வேறை ஒண்டும் வேண்டாம்."

அப்படியே சொன்னேன். பையை வெளியில் வைத்துவிட்டுப் போனேன். கதிரைகள் இந்த முறை சீமெந்துத் தரையில்தான் இருந்தன, ஆனாலும் நான் நிறுத்தவில்லை. இடையில் மறித்த ஒருவரிடம், இன்னும் முடியவில்லை என்று கூடச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, சொல்லும் என்று கையைக் காட்டினார்.

வேலை கிடைத்த செய்தி தொலைபேசியில் வந்தது. அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினா. அடுத்த மாதமே கொழும்பில் அறை எடுத்துத் தங்கவேண்டும் என்று சொன்னேன். பிடித்த கையை எடுத்தா.

"இப்பதானே பிள்ளை நீ கதைக்கவே துவங்கினனீ," என்றா. "அதுக்கிடையிலை போறியே?"