நன்மை வாங்காத அத்தை

என் மாமியார் இன்னாசியம்மாள் ஒன்பது வருடம் நன்மை வாங்கவில்லை. பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணையை எங்கள் ஊரில் நன்மை என்றுதான் சொல்வோம். ஞாயிறுதோறும் எல்லாரும் வரிசையில் போவார்கள். அத்தை மட்டும் தூணருகே முட்டி போட்டபடி இருப்பார். என்ன பாவம் செய்தாளோ என்று ஊரே வாய் வலிக்கப் பேசியது. பேசிய வாய்கள் எவையெவை என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

பாவம் என்னவென்று நான் சொல்கிறேன்.

1968-ல் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தான். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டது அத்தைதான். பெங்களூர் மில்லில் இருந்த சின்ன மகன் வந்து ஞானத்தகப்பனாக நிற்க வேண்டுமாம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "கொழந்த எங்க ஓடியா போவுது?" என்றார். பன்னிரண்டாம் நாள் காலை பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அத்தை நர்சம்மாவைக் கூட்டிவர ஓடினார். திரும்புவதற்குள் என் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சாகக்கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

துக்கத்துக்கு யாகப்பன் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், கோயில் உபதேசியார். செபப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

"அழுவாத மேரி. ஞானஸ்நானம் இல்லாத கொழந்தைங்களுக்கு வேதன ஒண்ணும் கெடையாது. மோட்சந்தான் இல்ல. கல்லறச் சுவத்துக்கு வெளிய, வேலமரத்தடியில நல்ல எடமாப் பாத்துக் குழி வெட்டச் சொல்றேன்."

நல்ல இடமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம் புள்ள என்ன நாயாங்க, வெளிய போட?" என்று கத்தினேன்.

அத்தை எழுந்தார். "வெளிய எதுக்கு? உசுரு இருக்கறப்பவே நான் தண்ணி ஊத்திட்டேன்."

பெரியப்பா அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நெசமா மேரி?"

"ஆமாங்க."

"பேரு என்ன வச்சீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். "சவரிமுத்து" என்று மாமனார் பேரை நான் சொன்னேன். பெரியப்பாவே அதை ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதினார். பிள்ளை சுவருக்கு உள்ளே போனான்.

பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாதென்று அந்த ஞாயிறு முதல் அத்தை தூணோடு ஒதுங்கிக்கொண்டார். "சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்க வேண்டியதுதானேங்க?" என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன்.

"பண்ணுனா மனஸ்தாபப்படணும், சொன்ன பொய்க்கு வருந்தணும். நான் படமாட்டேன்டீ. நீ ஆமான்னதும் என்னாலதான், அதையும் நான் பாத்துக்கறேன். நீ போயி வாங்கு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். நானும் போய் வாங்கினேன்.

1977 மழைக்காலத்தில் படுத்தவர் எழவில்லை. சாகும் முன் பாவம் கேட்டு எண்ணெய் பூச சாமியார் வந்தபோதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார். பெரியப்பா அதே புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"நன்மை வாங்காமயே போய்ட்டா. ஆண்டவரு எரக்கமுள்ளவரு, வேண்டிக்குவோம். அவ சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நர்சம்மாவத் தேடி ஓடறப்ப நாந்தான் எதிர்ல வந்தேன். 'இன்னும் தண்ணிகூட ஊத்தலையே அண்ணே'ன்னு அழுதுகிட்டே ஓடினா."

நான் அத்தையின் தலைமாட்டிலிருந்து எழுந்தேன்.

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா? நானாச்சும் அவங்க தள்ளிவுட்டுப் போனேன். ஒம்போது வருசம் அவங்க தூண்கிட்டயே கெடந்தாங்களே, நீங்க எப்படிங்க வாராவாரம் மொத ஆளாப் போயி வாங்கினீங்க?"

பெரியப்பா புத்தகத்தை மூடினார்.

"செபத்த நான் சொல்லிக்கறேன்" என்றேன். "நீங்க போயிக் குழிக்கு எடம் காட்டுங்க. எம் புள்ள சவரிமுத்துக்குப் பக்கத்துல."