ஓரத்தில் வைத்து அளந்த தங்கம்

எக்ஸ்ரே மெஷினில் தங்கப் பூச்சு அளக்கிறவர்களுக்கு மெஷினால் ஒரு தொல்லையும் கிடையாது. எல்லாம் எதிரே நாற்காலி போட்டு உட்காருகிறவர்களால்தான். லேபில் குப்பை கொட்டும் சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா?

நடுவும் ஓரமும்

எங்கள் லேப் ஈக்காட்டுத்தாங்கலில். பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கும் தனபால் ஒரு பை நிறைய சர்க்யூட் போர்டுகளோடு வந்தார். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டருக்குள் போகிறவை. சொருகும் இடத்தில் தங்கப் பூச்சு மெலிசாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்து தொடர்பு விட்டுப்போகும். திரையில் துடிப்பு காணாமல் போகும்.

நடுவில் வைத்து அளந்தேன். வேண்டிய கனத்தில் பாதிகூட இல்லை. பூசும்போது கரண்ட் ஓரத்துக்குத்தான் ஓடும், அங்கே தங்கம் தடிமனாகப் படியும்; சொருகும்போது தேய்வது நடுவில்தான். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இன்னா மேடம், நடுவுலயே வெச்சிக்கினு கீறீங்க? ஓரமா வெச்சுப் பாருங்க, பாஸ் ஆவும்."

மேனேஜரின் காது

ஃபெயில் என்று எழுதினேன். தனபால் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் மயிலாப்பூர்க்காரர். கச்சேரியில் ஒரு ஸ்வரம் பிசகினால் எழுந்து போய்விடுவார். அந்தக் கறாரெல்லாம் சபாவோடு சரி. என்னைக் கூப்பிட்டு ஓரத்திலேயே அளந்து கொடுக்கச் சொன்னார்; அந்த அளவுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"ஓரமும் அந்த போர்டுலதானேம்மா இருக்கு? ஏன் வீணா வம்பு பண்ணிண்டிருக்கே?"

பாஸ்

தனபால் வேறொரு லேபில் பாஸ் வாங்கிவிட்டார். சரக்கும் போய்விட்டது. பொறுக்க முடியாமல் மானிட்டர் கம்பெனிக்கு நானே போன் போட்டு, நடுவில் பூச்சு போதவில்லை, ஒரு போர்டையாவது அளந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். பர்சேஸ் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"ரிப்போர்ட்ல பாஸ்னு வந்திருக்கே, உங்களுக்கு என்ன மேடம் பிரச்சினை?"

சங்கிலி

போன வாரம் தனபால் மறுபடி வந்தார். பையில் போர்டு இல்லை; மகள் கல்யாணத்துக்கு தி.நகரில் வாங்கிய சங்கிலி. தங்கம் சுத்தமா என்று பார்க்க வேண்டுமாம். நான் வேண்டுமென்றே ஓரத்துக் கொக்கியை மட்டும் அளக்கிற மாதிரி வைத்தேன். மெஷின் மூடியைச் சாத்துவதற்குள் பதறி எழுந்துவிட்டார்.

"இன்னா மேடம், ஓரத்துல வெக்கிறீங்க? நடுவுல வெச்சு எல்லா எடமும் பாருங்க, பொண்ணு வாழ்க்கை மேடம்."

மகள் கழுத்துக்குப் போகிற தங்கத்தை நடுவில் அளக்க வேண்டும், யாரோ ஒருவர் உயிருக்குக் காவலாகப் போகிற தங்கத்தை ஓரத்தில் அளந்தால் போதும் என்பதுதான், அன்பர்களே, இந்தத் தொழிலில் நான் கண்ட துல்லியம்.