பத்தாயத்துக்குள் வைத்த விளக்கு

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த காலம். நான் கல்யாணமாகிச் சுசீந்திரத்துக்கு வந்த வருஷம் கன்னிப்பூப் போகத்து நெல்லில் வண்டு விழுந்தது. நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மரப் பத்தாயத்துக்குள் நெல்லின் மேல் ஒரு சட்டியை வைத்து, அதில் அகல் வைத்தார்கள். தீப்பெட்டியை எடுக்கப் போன என் கையை மாமி தட்டிவிட்டாள்.

“தாலி கெட்டினவ ஏத்துன வெளக்கு தானா அணையப்பிடாது. அவ ஏத்தட்டும்.”

‘அவ’ என்றது என் கணவரின் அக்காவை, என் மைனியை. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர். வேறெந்த விளக்கையும் அவரைத் தொட விடாத வீடு அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைனி வந்து விளக்கை ஏற்றினார்.

மூடியைச் சாத்தி, இடுக்கெல்லாம் சாணியும் களிமண்ணும் குழைத்து அடைத்தோம். மைனி பத்தாயப் பலகையில் காதை வைத்து நின்றார்.

“என்ன மைனி கேக்கு?”

“உள்ள இருக்க காத்த வெளக்கு குடிச்சிட்டு. வண்டுவளுக்கு மூச்சில்ல. எல்லாம் மேல ஏறுது, மக்கா.”

நானும் காதை வைக்கப் போனேன். “நீ வராத” என்று தள்ளிவிட்டார்.

பத்து நாள் கழித்துத் திறந்தபோது மூடியின் அடிப்பக்கம் கருகருவென்றிருந்தது. களிமண் அடைத்த இடுக்கைக் கவ்வியபடியே அத்தனை வண்டுகளும் செத்திருந்தன.

மூன்றாம் வருஷம் என் கணவர் காய்ச்சலில் போனார். அடுத்த அறுப்பு நெல்லிலும் வண்டு விழுந்தபோது மாமி தீப்பெட்டியை என் முன்னால் வைத்தாள். ஏற்றினேன். மூடியை அடைத்ததும் மைனி பலகையோரம் சற்று நகர்ந்து, எனக்கும் காது வைக்க இடம் விட்டார்.